அக்கா மகளுக்கு நான் போட்ட பூஜ்யம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று முறைப்படி கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் நான்கு பக்கக் கடிதத்தின் முதல் வரியிலேயே “நாங்க யாரும் நல்லா இல்ல, அதுக்கு நீதான் காரணம்” என்று எழுதிவிட்டாய். ஆகவே அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கூடப்பிறந்த அக்காவின் ஒரே மகளுக்கு ஐம்பதுக்குப் பூஜ்யம் போட எப்படிக் கை வந்தது என்று கேட்டிருக்கிறாய். வலது கைதான் வந்தது. சிவப்பு மையில்தான் போட்டேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துத்தான் போட்டேன். இருபத்தேழு வருஷமாக இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இந்த இருபத்தேழு வருஷத்தில் நான் போட்ட ஒரு மதிப்பெண்ணும் மாறியது கிடையாது. ஒருமுறை எங்கள் கல்லூரி முதல்வரின் மகனுக்கே பதினொன்று போட்டேன், அந்தப் பதினொன்று இன்றைக்கும் பதினொன்றாகவே இருக்கிறது. அப்படிப்பட்டவன் சொந்தக்காரப் பெண் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வேன் என்று நீ எதிர்பார்த்ததுதான் எனக்கு வருத்தம். இந்தத் தாளில் பாஸாகாவிட்டால் அவள் மூன்றாம் வருஷத்துக்குப் போக முடியாது, ஒரு வருஷம் வீணாகும் என்பது எனக்கும் தெரியும். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அவள் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று அழுவதாகவும், சனிக்கிழமை அத்தான் வண்டி எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்து அவளைச் சாமான்களோடு கூட்டிப் போகப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. நடந்ததை முழுசாகக் கேட்டால் நான் செய்ததுதான் சரி என்று நீயே சொல்வாய். அத்தானும் சொல்வார், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்.

போன வருஷம் எங்கள் முதல்வர் எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு, நம் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள், படம் வரைகிறார்கள், ஆனால் சொந்தமாக யோசிப்பதில்லை, இனிமேல் யோசிக்க வைக்க வேண்டும், அதற்கு ‘படைப்புச் சிந்தனையும் வடிவமைப்பும்’ என்று ஒரு புதுப் பாடம் தொடங்குகிறோம் என்றார். யார் எடுப்பது என்று கேட்டதும் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் நான் எப்போதுமே நிமிர்ந்துதான் உட்காருவேன். பாடம் என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் பயம் ஒன்றும் இல்லை. பாடம் என்றால் பாடம்தானே, பாடத்திட்டம் கொடுத்தால் நான் எதையும் எடுத்துவிடுவேன்.

எடுப்பதற்கு முன்னால் இரண்டு நாள் பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்தவர் விளையாட்டு ஷூ போட்டுக்கொண்டு மேஜை மேல் ஏறி உட்கார்ந்தார். பேராசிரியர்களை எல்லாம் தரையில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம், எழுந்திருப்பதில்தான் சிலருக்குச் சிரமம் இருந்தது. ஒரு செங்கலை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம், பத்து நிமிஷத்தில் முப்பது எழுதுங்கள் என்றார். நான் ‘சுவர் கட்ட’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டேன். பக்கத்தில் கட்டடத்துறைக்காரர், அவரைப் பிள்ளைகள் சிமெண்ட் சார் என்பார்கள், வியர்க்க விறுவிறுக்க எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். சுவர், அரைச்சுவர், மதில்சுவர், தடுப்புச்சுவர் என்று பத்தொன்பது வரைக்கும் போயிருந்தது. என் பக்கம் சாய்ந்து, “கிணத்துச் சுவரைத் தனியா எழுதலாமா சார்?” என்று ரகசியமாகக் கேட்டார். கடைசியில் பயிற்சிக்காரர், “இதுல தப்பான விடைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது” என்று சொல்லிக் கைதட்டினார். நான் எழுந்து, “அப்ப திருத்துறது எப்படி?” என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் தமாஷுக்குக் கேட்கவில்லை அக்கா. இன்று வரை அதற்குப் பதில் வரவில்லை.

பதில் வராததால் நானே வழி கண்டுபிடித்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து குறிப்பு தயாரித்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை புதுமையாகச் சிந்தித்தல், வியாழக்கிழமை அதில் சந்தேகம் கேட்டல். படைப்புச் சிந்தனை ஐந்து வகைப்படும் என்று சொல்லி நிறுத்தி நிறுத்தி எழுதவைத்தேன். அறுபது பேரும் எழுதினார்கள். பின் வரிசையில் ஒருத்தன், “சார், ஆறாவதா ஒண்ணு தோணுது” என்றான். பாடத்திட்டத்தில் இல்லை, உட்கார் என்றேன். புதிதாக ஏதாவது தோன்றினால் அதற்கென்று ஒரு படிவம் அடித்து வைத்தேன். மூன்று பிரதி, கருப்பு மை, இடது ஓரம் இருபது மில்லிமீட்டர், யோசனை தோன்றிய தேதி, துறைத்தலைவர் கையொப்பம், அதாவது என்னுடையது. வருஷம் முழுக்க ஒரு படிவம்கூட வரவில்லை. பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை என்று முதல்வர் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இனி தேர்வுக்கு வருகிறேன். எங்கள் வரைபட அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. அறுபது பலகை, அறுபது முக்காலி, உள்ளே போக ஒரே கதவு. தேக்குக் கதவு, தாழ்வாரத்துப் பக்கம் திறக்கும், கனம் என்றால் அப்படி ஒரு கனம். யாராவது போகும்போதும் வரும்போதும் டமார் என்று மூடிக்கொள்ளும். அது மூடுகிற ஒவ்வொரு தடவையும் அறுபது பென்சில் துள்ளும், அறுபது கோடு கோணலாகும். நான் திரும்பி முறைப்பேன். முறைத்து முடிப்பதற்குள் அடுத்த டமார். இதையே கேள்வியாக வைத்துவிட்டேன். ‘வரைபட அறையின் கதவு ஓசையின்றி மூடுவதற்குப் புதுமையான ஒரு பொறியமைப்பை வடிவமைத்து, பாகங்களைக் குறித்து வரைக.’ பார்த்தாயா, எவ்வளவு திருத்தமான கேள்வி. விடைக்குறிப்பையும் நானே வரைந்தேன். ஒரு சுருள்வில், ஒரு எண்ணெய் உருளை, ஒரு நெம்புகோல், இவற்றை இணைக்க ஆணி வளையம் என்று மொத்தம் பதினான்கு பாகம். பாகத்துக்கு மூன்று மதிப்பெண், ஆக நாற்பத்திரண்டு. சுத்தத்துக்கு ஆறு. புதுமைக்கு இரண்டு. அந்த இரண்டுக்கு நேரே, பின்னால் வம்பு வரக்கூடாது என்று, ‘விடைக்குறிப்பில் உள்ளபடி இருந்தால் மட்டும்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாது என்று தேர்வுக்கு முந்தின வாரமே கேள்வியைச் சொல்லி, அந்தப் படத்தைக் கரும்பலகையில் ஒருதரம் போட்டும் காட்டினேன். மாணவர்களிடம் நான் கடுமையாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, இதற்கு என்ன சொல்கிறாய்?

ஐம்பத்தொன்பது பேர் பதினான்கு பாகத்தையும் வரைந்தார்கள். அவ்வளவு அழகு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தியது. வாழ்க்கையில் இப்படி ஒரு விடைத்தாள் கட்டு என் கைக்கு வந்ததில்லை. அறுபதாவது தாள் உன் மகளுடையது. அதில் நெம்புகோல் இல்லை, வில் இல்லை, எண்ணெய் இல்லை. ஒரு பட்டியல் இருந்தது. ஆறு வகுப்பு நாள், கதவு திறந்தது இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. அதில் தண்ணீர் குடிக்கப் போனவர் இத்தனை, பென்சில் சீவப் போனவர் இத்தனை, தாழ்வாரத்துக் கோடியில் மாட்டியிருக்கிற கடிகாரத்தில் மணி பார்க்கப் போனவர் நூற்றெழுபத்தொன்று. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. ‘அறைக்குள் ஒரு கடிகாரம் மாட்டவும்.’ அவ்வளவுதான் விடை.

இதற்கு நான் எதைத் திருத்துவது? பாகங்களைக் குறி என்றேன், பாகமே இல்லை. பொறியமைப்பை வரை என்றேன், அவள் என்னை ஆணி அடிக்கச் சொல்கிறாள். சுத்தத்துக்கு உள்ள ஆறு மதிப்பெண்ணையாவது போட்டிருக்கக் கூடாதா என்று கேட்கிறாய். வரைந்தால்தானே சுத்தமா இல்லையா என்று பார்க்க? இன்னொன்றும் சொல்கிறேன், இதை அத்தானிடம் சொல்ல வேண்டாம். அந்த அறையில் முன்பு கடிகாரம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அதைக் கழற்றியவன் நான்தான். பிள்ளைகள் பலகையைப் பார்க்காமல் அதையே பார்த்தார்கள். கைக்கடிகாரமும் கூடாது என்று சொன்னேன். பட்டை தாளில் உரசினால் பென்சில் கரி இழுபடும். கைபேசியும் கூடாது. வாசலில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன், எல்லோரும் எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் மட்டும் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா, என்னுடையதையும் கழற்றித்தான் போடுவேன். அப்படி யோசித்து யோசித்து நான் போட்ட ஒழுங்கை, இருபது வயசுப் பெண் ஒரு வரியில் தப்பு என்கிறாள். பூஜ்யம் போட்டேன். கோபத்தில் போட்டேன் என்று நினைக்காதே. கோபம் வந்தது உண்மை, ஆனால் அது போட்ட பிறகுதான் வந்தது.

இதோடு போயிருந்தால் உனக்குக் கடிதம் எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது. நடுவில் ஆய்வுக் குழு வந்தது. பிள்ளைகளுக்குப் படைப்புத்திறன் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க மூன்று பேர். முதல்வர் என் தோளில் கை வைத்து, “உங்களைத்தான் நம்பியிருக்கேன்” என்றார். நான் சும்மா இருப்பேனா? ஐம்பத்தொன்பது படங்களையும் சுவரில் வரிசையாக ஒட்டினேன். படம் மட்டும் போதாது, பொருளாகவே காட்டிவிடுவோம் என்று பட்டறை ஃபோர்மேனைக் கூப்பிட்டு அந்தப் பதினான்கு பாகத்தையும் செய்து கதவில் மாட்டச் சொன்னேன். அவர் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, “இந்த அளவுல சுருள்வில் நம்ம கிட்ட இல்லயே சார், பழைய அழுத்து மிஷின்ல இருந்து ஒண்ணு கழட்டுனது கெடக்கு, அத மாட்டவா?” என்றார். வில் என்றால் வில்தானே என்று சொல்லிவிட்டேன். இது என் பக்கம் நடந்த ஒரே ஒரு சின்னக் கவனக்குறைவு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குழு வந்தது. வாசலில் தட்டை நீட்டினேன். தலைவர், “எங்களுக்குமா?” என்றார். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்றேன். அவருக்கு அது பிடித்துப்போனது என்றுதான் நினைக்கிறேன், ஒன்றும் பேசாமல் கைபேசியையும் கடிகாரத்தையும் கழற்றிப் போட்டார். மற்ற இரண்டு பேரும் போட்டார்கள், முதல்வரும் போட்டார். நான் தட்டைத் தாழ்வாரத்தில் ஒரு முக்காலி மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். எங்களுக்குப் பின்னால் கதவு மூடியது பாரு, ஒரு சின்னச் சத்தம், ஒரு மூச்சு விடுகிற சத்தம் கூட இல்லை. குழுத்தலைவர் திரும்பிப் பார்த்து, “பிரமாதம்” என்றார். என் இருபத்தேழு வருஷத்தில் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

அவர்கள் சுவர் ஓரமாகப் படம் பார்த்துக்கொண்டே போனார்கள். ஐந்தாவது படத்தில் நின்றார்கள். பத்தாவதில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இருபதாவதில் குழுத்தலைவர், “இது எல்லாமே ஒரே படம் மாதிரி இருக்கே?” என்றார். “ஆமாங்க, ஒரு எழுத்து மாறாது” என்றேன். அதற்கு மேல் அவர் படம் பார்க்கவில்லை. போகலாம் என்றார். போய்க் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. முதல்வர் தள்ளினார். நான் தள்ளினேன். ஐந்து பேரும் சேர்ந்து தோளைக் கொடுத்துத் தள்ளினோம். அது ஒரு விரல்கடை திறந்து, பழைய மிஷின் வில் இழுத்த இழுப்பில் நெம்புகோல் வளைந்து சட்டத்தில் மாட்டி, பழையபடி மூடி, ஒரேயடியாக இறுகிக்கொண்டது. எண்ணெய் உருளை பிதுங்கி, குழுத்தலைவரின் வெள்ளைச் சட்டையில் காலரிலிருந்து பை வரைக்கும் ஒரு கோடு. நேர்கோடு என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் கைபேசி எல்லாம் வெளியே தட்டில் ஒன்றன் பின் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தது. “எவ்வளவு நேரமா உள்ள இருக்கோம்?” என்று ஒருத்தர் கேட்டார். அரைமணி என்றார் முதல்வர், ரெண்டு மணி நேரம் ஆச்சு என்றார் இன்னொருத்தர், நான் என் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டேன். அப்போது கதவுக்கு வெளியே இருந்து ஒரு குரல், “உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?” என்றது.

“யாரு அது? பதிவு எண் சொல்லு” என்றேன், பழக்கதோஷம்.

“அது கெடக்கட்டும் சார். கதவைத் தள்ளாதீங்க. தள்ளத் தள்ள அது இறுகும். எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

உன் மகள்தான். அன்றைக்கு அவளைக் கண்காட்சிக்குள் விடவில்லை, அவளுக்குத்தான் காட்டப் படமே இல்லையே. அவள் ஃபோர்மேனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கதவு தாழ்வாரத்துப் பக்கம் திறக்கிறதால் கீல் மூன்றும் வெளியேதான் இருக்கும். கீலுக்கு நடுவில் இருக்கிற ஆணியைக் கீழிருந்து தட்டினால் மேலே வந்துவிடும். டக் டக் டக் என்று மூன்று சத்தம் கேட்டது. அப்புறம் அந்தத் தேக்குக் கதவு கீல் பக்கமாக மெல்ல விலகியது. இரண்டு பேரும் அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் வெளிச்சத்துக்கு வந்தோம். குழுத்தலைவர் அவளிடம், “இந்த யோசனை உனக்கு எப்படிம்மா வந்துச்சு?” என்றார். “யோசனைலாம் ஒண்ணும் இல்ல சார். கதவுதானே தொந்தரவு, கழட்டிட்டோம்” என்றாள். “உள்ள உன் படம் எது?” என்றார். “என் படம் உள்ள இல்ல சார். நான் ஜீரோ” என்றாள். அதை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் என் விடைக்குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அடைப்புக்குறிக்குள் இருந்ததைத் தலைவர் வாய்விட்டு இரண்டு தரம் படித்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கே என்னவோ போல இருந்தது, அது எண்ணெயினாலும் இருக்கலாம். மதிப்பெண்ணை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை, பாடம் எடுத்தவர் நினைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் மாற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் முதல்வர் என் அறைக்கே வந்து, “பாத்து ஏதாவது செய்யுங்களேன்” என்றார். ஒரு கேள்வி, ஒரு விடை, ஒரு மதிப்பெண். அதுதான் நான் என்றேன். இன்றைக்குத் தயவு பார்த்தால் நாளைக்கு ஒவ்வொருத்தனும் கேள்வியை விட்டுவிட்டு அவனுக்குத் தோன்றியதை எழுதுவான், அப்புறம் பாலம் நிற்குமா, மாடி நிற்குமா? படைப்புச் சிந்தனை வேண்டியதுதான், ஆனால் அது கேட்ட கேள்விக்குள்ளே வர வேண்டும். இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை அக்கா.

ஆகவே பூஜ்யம் பூஜ்யம்தான். அவள் அடுத்த வருஷம் மறுபடி எழுதட்டும். பதினான்கு பாகத்தையும் நான் கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். அவள் நம் வீட்டுப் பெண், ஒரு பூஜ்யத்துக்காகப் படிப்பை விட மாட்டாள். நீ அழுது அவளையும் அழவைக்காதே. அத்தானுக்கு என் வணக்கம். மூட்டு வலிக்கு அவர் மாடிப்படி ஏறாமல் இருப்பது நல்லது, அதனால் மூன்றாவது மாடிக்கு வந்து என்னிடம் சண்டை போடுகிற எண்ணம் இருந்தால் கைவிடச் சொல். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், நல்ல தூக்கத்தோடும், என் மேல் கோபம் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியது திங்கட்கிழமை. இன்று வியாழன். இன்னும் தபாலில் போடவில்லை. போடாததற்குக் காரணம், வெறும் வாயால் சொன்னால் நீ நம்ப மாட்டாய், அவள் பட்டியல் தப்பு என்பதற்கு ஒரு சாட்சியையும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். கதவைத் திரும்ப மாட்டியாகிவிட்டது, பதினான்கு பாகம் இல்லாமல். செவ்வாய்க்கிழமை ஃபோர்மேனைத் தாழ்வாரத்துக் கோடியில் கடிகாரத்துக்கு அடியில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்து, மூன்று மணி நேர வரைபட வகுப்பில் யார் யார் எதற்கு வருகிறார்கள் என்று கோடு போடச் சொன்னேன். வகுப்பு முடிந்து தாளை வாங்கினேன். கதவு திறந்தது முப்பத்தெட்டு. மணி பார்க்க வந்தது இருபத்தொன்பது. “இதுல அஞ்சு கோடு தனியா ஒரு கட்டாப் போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?” என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “அது நீங்க சார்” என்றார்.

நான் போனதாக எனக்கு ஞாபகமே இல்லை அக்கா. ஐந்து தடவை எழுந்து போய் மணி பார்த்துவிட்டு, ஐந்து தடவை அந்தக் கதவை டமார் என்று சாத்திவிட்டு வந்து, யாருடா அது என்று நானே வகுப்பை முறைத்திருக்கிறேன்.

நேற்று உன் மகள் என் அறைக்கு வந்தாள். மதிப்பெண் கேட்டு வரவில்லை. படிப்பை நிறுத்திக்கொள்ள மனு; துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில், ‘எனக்கு யோசிக்க வராது’ என்று அழகான கையெழுத்தில், இருபது மில்லிமீட்டர் ஓரம் விட்டு எழுதியிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது பேரில் ஒரே ஒருத்தி எழுந்து போய்ப் பார்த்தாள், எண்ணினாள், யோசித்தாள். அவளிடம் இப்படி எழுதி வாங்கியிருக்கிறேன். வேறு யாரும் இல்லை, நான்தான். நாளைக்கு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இன்று காலை தேர்வுப் பிரிவுக்குப் போனேன். மதிப்பெண் மாற்ற ஒரு படிவம். காரணத்துக்கு இரண்டே கட்டம்: கூட்டல் பிழை, திருத்தாமல் விடுபட்டது. “ரெண்டுல ஒண்ணு டிக் போடுங்க சார்” என்றார் கிளார்க். இரண்டும் பொய். நான் கீழே மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘கேள்வி பிழை’ என்று எழுதி, டிக் போட்டேன். “கட்டம்லாம் நீங்களா போடக்கூடாது சார்” என்றார். “தெரியும், இந்தப் படிவத்தை வகுத்ததே நான்தான்” என்றேன். “கேள்வி போட்டது யாரு?” என்றார். “அதுவும் நான்தான்” என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே முத்திரை குத்தினார். எத்தனை மதிப்பெண் என்று கேட்காதே, அறிவிப்புப் பலகையில் எல்லோரையும் போல அவளும் பார்த்துக்கொள்ளட்டும். பாஸ்.

மத்தியானம் அவள் வந்தாள். மனுவைத் திருப்பிக் கொடுத்தேன்.

“கையெழுத்துப் போடலயா சார்?” என்றாள்.

“காரணம் தப்பா இருக்கு. வேற உண்மையான காரணம் இருந்தா எழுதிட்டு வா, போடறேன்.”

அவள் அந்தத் தாளை ஒருதரம் படித்தாள். பிறகு நாலாக மடித்தாள்.

“வேற காரணம் ஒண்ணும் இல்ல மாமா” என்றாள்.

சனிக்கிழமை அத்தான் வண்டி கொண்டுவர வேண்டாம்.